பிடித்த படமும் புத்தகமும் நம்மைப் பற்றி என்ன சொல்கின்றன? வண்ணாரப்பேட்டை வாடகை நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்திலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன வாடகை நூலகம் நடத்துகிறேன். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் சினிமாவைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் நகர்வதில்லை. பேச்சு எப்படியோ சுற்றி அவரவரைப் பற்றியதாகிவிடும். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். யார் எப்போது எதை எடுத்தார்கள், எதைப் பாதியில் திருப்பினார்கள் என்று நான் குறித்துவரும் கணக்கு நோட்டுகள்தான் பதில்களுக்குப் பெரும்பாலும் ஆதாரம். படித்த ஆய்வுகள் சிலவும் உண்டு.

பிடித்த படத்தையும் புத்தகத்தையும் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவீர்களா?

எப்படிப்பட்டவராக இருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். "அந்தப் படம் எனக்கு உயிர்" என்பவரிடம் அதை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்தாவது முடித்த லீவு, காலேஜ் சேர்ந்த புதிது, முதல் சம்பளம் வாங்கிய சமயம் என்று ஏதாவது ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2007-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகப் பிடித்த 3 புத்தகம், 3 படம், 3 இசைத்தட்டு எவை, அவற்றை முதலில் படித்தது, பார்த்தது, கேட்டது எப்போது என்று மக்களிடம் கேட்டார்கள். எல்லாவற்றிலுமே இளமைக் காலம் தனியாக மேடு தட்டியது. பாட்டில் அந்த மேடு ரொம்ப உயரம், புத்தகத்தில் ரொம்பத் தாழ்வு. புத்தகப் பட்டியலில் சமீபத்தில் படித்தவை நிறைய இடம் பிடித்தன. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. ஒரு புத்தகத்தை இரண்டு மூன்று முறைதான் படிப்போம், படத்தை அதைவிட அதிகமாகப் பார்ப்போம், பாட்டுக்குக் கணக்கே கிடையாது. திரும்பத் திரும்ப வருவது மனதில் இன்னும் ஆழமாகப் பதிகிறது.

அதனால் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பிடித்த பாட்டைக் கேட்பேன். எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்க, கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகத்தைக் கேட்பேன்.

பதினைந்து வருடமாக அதே படம், அதே நாவல்தான் பிடிக்கிறது. அப்போது நான் வளரவே இல்லையா?

தலைப்பு மாறாமல் இருக்கலாம். அதற்குள் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பது மாறியிருக்கும்.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. 2022-இலும் 2023-இலும் இரண்டு படங்களாக வந்தது. அந்தச் சமயத்தில் ஐந்து பாகங்களும் ஒன்றாக என் அலமாரியில் இருந்ததே இல்லை. பதினாறு வயதுப் பையன்கள் எல்லோருக்கும் வந்தியத்தேவன்தான். குதிரை, வாய்ச்சவடால், போகிற இடமெல்லாம் மாட்டிக்கொண்டு எப்படியோ தப்பித்துவிடுவது. அதே ஆட்கள் நாற்பதைத் தாண்டி மறுபடி எடுத்துப் போகிறார்கள். திரும்பி வந்து பேசுவது பெரிய பழுவேட்டரையரைப் பற்றி! உடம்பெல்லாம் 64 விழுப்புண், கிழ வயதில் நந்தினியைக் கட்டிக்கொண்டதற்கு ஊரே சிரிக்கிறது, கடைசியில் தான் ஏமாந்ததைத் தானே உணர்ந்து குமைகிற மனிதர். முன்பு அவர் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனவர்கள்தான் இவர்கள். என் நோட்டில் இரண்டு முறையும் ஒரே தலைப்புதான் எழுதியிருக்கும்.

நம்ம பக்கத்துக் கதைக்கே வருகிறேன். 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேராக ஓ.டி.டி.யில் வந்தது. 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றிய படம். வந்த புதிதில் ராயபுரம் பையன் ஒருவன், அதில் ஆடிக்கொண்டே குத்துவிடும் டான்சிங் ரோஸின் சண்டையை என் கடை வாசலிலேயே ஆடிக் காட்டினான். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. போன பொங்கலுக்கு டி.வி.யில் பார்த்தானாம். "கபிலன் குடிச்சிட்டுக் கெடக்குறப்ப அந்த மாரியம்மா என்ன பாடுபடுதுண்ணா" என்றான், ஹீரோவையும் அவன் மனைவியையும் சொல்லி. முதல் தடவை பார்த்தபோது இரண்டாம் பாதி இழுவை என்று சொன்னவன் இவன்தான். அதைச் சொல்லிக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போனான்.

"எனக்குப் புடிச்சதெல்லாம் ரவுடிப் படந்தாண்ணே. அப்ப நானும் ரவுடி ஆயிடுவேனா?"

கேட்டவர் மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஷிப்ட் முடிந்து போகும்போது மாத நாவல் எடுத்துப் போவார். வீட்டில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் போல.

அந்தப் படங்களில் எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். வெட்டு, குத்து எதையும் அவர் சொல்லவில்லை. ஹீரோ தெருவில் நடந்து வரும்போது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கும் இடமாம். நாள் முழுக்க "டேய்" என்று கூப்பிடப்படுகிற வேலையில் இருப்பவருக்கு அந்தக் காட்சி எவ்வளவு இனிக்கும் என்று எனக்குப் புரிந்தது. அவர் கேட்பது மரியாதை. படம் அதைக் கத்தியோடு சேர்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கத்தி இல்லாத கதைகளாகப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். சிலவற்றை "போர்ணே" என்று மறுநாளே திருப்பிவிட்டார். ஒரு மீனவர் சங்கத் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை மட்டும் இரண்டு வாரம் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 'வட சென்னை' (2018) படத்தில் ஹீரோ அன்பு நல்ல கேரம் ஆட்டக்காரன். அவனைக் கதை சிறைக்கும் கத்திக்கும் கொண்டு போய்ச் சேர்க்கிறது. 2024 நவம்பரில் இதே வண்ணாரப்பேட்டையிலிருந்து, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் ஜெயித்து வந்தார். இரண்டுமே கேரம் போர்டில் தொடங்கிய கதைகள். தெருவோரம் கேரம் ஆடும் பையனிடம் முதல் கதையைக் கேட்டால் வசனத்தோடு சொல்வான். இரண்டாவதை நாம்தான் சொல்லித் தரவேண்டியிருக்கிறது.

வடசென்னைப் படங்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் அதே மாதிரி பேசவும் நடக்கவும் ஆரம்பிக்கிறார்களே?

ஆமாம், நானும் பார்க்கிறேன். வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற பிள்ளை, வெளி ஆள் முன்னால் போனதும் "இன்னாபா" என்று கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறான். அவன் பேசுவது பாட்டி பேசிய பேச்சு மாதிரி இருக்காது, படத்தில் கேட்டதாகவே இருக்கும். ஊரைப் பற்றிப் பிறர் எடுத்த படத்தைப் பார்த்து ஊர்க்காரன் தன்னைச் செய்துகொள்கிறான்.

இதில் முழுக்கக் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். 'மெட்ராஸ்' (2014) வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அதில் ஹீரோ காளி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவன், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஒரு சுவர் யாருக்கு என்று கட்சிகள் மோதிக்கொள்ளும் அரசியல்தான் கதை. ஆனால் என் கடைக்கு வந்த காலேஜ் பையன்களுக்குப் பிடித்துப்போனது அந்த வேலைதான். நம்ம ஏரியாவில் இருந்துகொண்டே, வீடு மாற்றாமல், பழைய சிநேகிதர்களை விடாமல் ஐ.டி.க்குப் போகலாம் என்பதை அதற்கு முன் திரையில் அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. ஓ.எம்.ஆர். பக்கம் இன்டர்வியூவுக்குப் போனால் ஊர் எது என்ற கேள்விக்கு "பெரம்பூர் கிட்ட" என்று மழுப்பிக்கொண்டிருந்த ஒருவர், அதற்குப் பிறகு வியாசர்பாடி என்றே சொல்லத் தொடங்கியதாகச் சொன்னார். ஒரு படம் அதைச் செய்திருந்தால் டிக்கெட் காசுக்கு மேலே செய்திருக்கிறது.

எனக்குள்ள குறை, வடசென்னையின் மற்ற முகங்கள் திரைக்கு வராததுதான். 1918-இல் பி அண்ட் சி என்ற துணி மில்லின் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. நம்ம தாத்தாக்கள் கட்டியது! அந்த மில் 1996-இல் மூடியபின் வேலை இழந்த வீடுகளில் என்ன நடந்தது என்பதும், எண்ணூரில் சாம்பல் கலந்த கழிமுகத்தில் இறால் தடவும் பெண்களின் நாளும், சௌகார்பேட்டை மார்வாடிப் பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே பேசும் அட்டகாசமான மெட்ராஸ் தமிழும் திரையில் அபூர்வம். கத்தியும் கஞ்சாவும் மட்டும் ஏராளம். பிள்ளை தேர்ந்தெடுக்க முகங்கள் குறைவாக இருந்தால், இருக்கிறதில் ஒன்றைத்தான் எடுத்து மாட்டிக்கொள்வான். புத்தகம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது, அங்கே முகங்கள் கூடுதல்.

எழுபது வயது அப்பாவுக்கு எம்.ஜி.ஆர். படம் தவிர எதுவும் ஆகாது. அவரை மாற்ற முடியுமா?

எதற்காக மாற்ற வேண்டும்?

காசிமேட்டுப் பெரியவர் ஒருவருக்கு 'படகோட்டி' என்றால் எல்லா வேலையும் நின்றுவிடும். 1964-இல் வந்த படம். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த காலத்தில், மீனவனைக் கலரில், ஹீரோவாக, சுரண்டுகிறவனை எதிர்த்துப் பேசுகிறவனாகப் பார்த்திருக்கிறார். அந்த வயதில் அது என்ன செய்திருக்கும் என்று நம்மால் முழுதாக உணர முடியாது. அவருடைய முதுகு நிமிர்ந்த கதை அது. மகன் அதைப் "பழைய படம்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வராதா?

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-இல் திறந்தது, 2020-இல் மூடியது. மூடிய செய்தி வந்தபோது என் கடையில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. பெரியவர்கள் படத்தின் பெயரைவிட, யாரோடு போனோம், எந்த வகுப்பில் உட்கார்ந்தோம், இடைவேளையில் என்ன தின்றோம் என்பதைத்தான் சொன்னார்கள். அப்பாவிடம் நீங்களும் அதைக் கேளுங்கள். "ஏன்ப்பா இதையே பார்க்கிற" என்று கேட்டால் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இன்னொன்று, அவர் மாறவில்லை என்பதும் சரியில்லை. சண்டை வந்தால் முன்பு விசில், இப்போது அந்த இடத்தில் மாத்திரை போட எழுந்து போகிறார். தாய் பாட்டு வந்தால் மட்டும் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். கவனித்துப் பாருங்கள்.

இன்னும் பத்து வருடம் ஆனாலும் எனக்கு இதே டைரக்டர்தான். பெட் கட்டலாமா?

கட்டாதீர்கள். 19,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஒரு தொடர் ஆய்வு 2013-இல் வெளியானது. எந்த வயதுக்காரரைக் கேட்டாலும், கடந்த பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டேன், இனிமேல் அவ்வளவு மாறமாட்டேன் என்கிறார். பதினெட்டு வயதுக்காரரும் சொல்கிறார், அறுபது வயதுக்காரரும் சொல்கிறார். இப்போது பிடித்த இசைக்குழுவைப் பத்து வருடம் கழித்துப் பார்க்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டதற்குச் சராசரியாக 129 டாலர் என்றார்களாம். பத்து வருடம் முன்பு பிடித்திருந்த குழுவை இப்போது பார்க்க 80 டாலர்தான்.

வெளியே சொல்லும் பட்டியல் ஒன்று, வீட்டில் பார்ப்பது வேறொன்று. இது பித்தலாட்டம் இல்லையா?

பெண் பார்க்கும் இடத்தில் கனமான இலக்கிய நாவலைச் சொல்லிவிட்டு, ராத்திரி சீரியல் காமெடி பார்த்துத் தூங்குகிறவர்கள் ஏராளம். எனக்கு அதில் கோபமே கிடையாது. எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோமோ, அந்தப் பக்கம்தான் போக ஆசைப்படுகிறோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு தடித்த நாவலைப் பலமுறை எடுத்துப் போய்ப் படிக்காமல் திருப்பினார். புக்மார்க் வைத்த பக்கம் நகரவே இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் முடித்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போட்டார், முடிவு பிடிக்கவில்லை என்று. பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நாவலைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வெளியே சொல்வதை உள்ளே தொடவே தொடாமல், பிறரை மட்டம் தட்டுவதற்காக மட்டும் பட்டியலை வைத்திருப்பவர்கள் வேறு ரகம். அவர்களோடு எனக்குப் பேச்சு நீள்வதில்லை.

ஒரே கதையை அம்மா ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறோம். யார் சொல்வது சரி?

எழுதியவரே ஒரு கதைக்கு இரண்டு வழி போயிருக்கிறார். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966-இல் வந்தபோது பெரிய சர்ச்சை. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அலறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து அவரே எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

என் கடையில் சிறுகதையைப் படித்த பெண்கள் அநேகமாக மகளின் இடத்திலிருந்துதான் பேசுவார்கள். சொந்த மகள் வயதுக்கு வந்தபிறகு அதே பெண்கள் தாயின் இடத்திலிருந்து பேசுகிறார்கள்: அந்த நேரத்தில் எனக்கு அந்தத் தைரியம் வருமா என்று. உங்கள் அம்மா அந்தக் கேள்வியில் இருக்கிறார், நீங்கள் இன்னொன்றில் இருக்கிறீர்கள். சண்டையை நிறுத்த வேண்டாம், நாவலையும் எடுத்துப் போங்கள்.

காலேஜ் நாளில் கொண்டாடிய காதல் படங்களை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறதே?

பெண்ணை விடாமல் துரத்தி, பஸ் ஸ்டாப்பில் வழிமறித்து, அவள் அழுதால் அதையே காதல் என்று காட்டிய படங்களைச் சொல்கிறீர்கள். மகளைப் பெற்ற அப்பாக்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அவள் மெட்ரோ ஏறி காலேஜ் போகிற வயது வந்ததும், அந்த ஹீரோ சட்டென்று வேறு ஆளாகத் தெரிகிறான்.

கூச்சம் நல்லது என்பேன். ஆனால் அந்தப் படம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று இப்போது சாதிக்காதீர்கள். பாட்டு வந்தால் வாய் தானாக முணுமுணுக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளோடு உட்கார்ந்து பார்த்து, இதற்கு நாங்கள் கைதட்டினோம் என்று சொல்லுங்கள். அவள் கேட்கும் கேள்விகள் சங்கடமாக இருக்கும்.

இலக்கியம் படித்தால் நல்ல மனுஷன் ஆகிவிடலாமா?

இலக்கியக் கதை படித்தவர்கள் பிறர் மனதைக் கொஞ்சம் நன்றாக ஊகிக்கிறார்கள் என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது, உலகமே கொண்டாடியது. பின்னால் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. என் அனுபவத்திலும் அப்படித்தான். உலக இலக்கியம் கரைத்துக் குடித்த ஒரு வாசகர் வாடகை பாக்கியை வருடக்கணக்கில் தரவே இல்லை.

ஓ.டி.டி. எனக்கு எதைக் காட்டுகிறதோ அதுதான் என் ரசனையா?

உங்கள் வீட்டில் ஒரே அக்கவுன்ட்டில் எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? பாட்டியின் பக்திப் படம், தம்பியின் கொரியன் சீரியல், குழந்தையின் கார்ட்டூன் எல்லாம் கலந்துதான் அடுத்ததைக் காட்டுகிறது. தனி அக்கவுன்ட் வைத்திருந்தாலும், நேற்று எதைப் பார்த்தீர்களோ அதன் சாயலில்தான் இன்று நீட்டும். நாளைக்கு என்னவாகப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. சம்பந்தமே இல்லாத ஒன்றை நண்பர் கையில் திணிப்பாரே, என் கடையில் மாற்றங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

ரீல்ஸ்?

பொழுது போகும். எந்த ரீல் பிடித்தது என்று மறுநாள் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பட்டியல் எழுதி வைப்பது பயன் தருமா? எப்படி எழுதுவது?

எழுதுங்கள். "டாப் டென்" போடாதீர்கள், அது பிறருக்குக் காட்டுவதற்காகவே பிறக்கும் பட்டியல். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படம் அல்லது புத்தகத்தின் பெயர், தேதி, எந்த ஆளோடு உங்கள் மனம் போனது, எங்கே எழுந்து போனீர்கள் அல்லது மூடி வைத்தீர்கள். பாதியில் விட்டதைக் கட்டாயம் எழுதுங்கள். நான் என் நோட்டுகளில் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான். ஒரு காலத்தில் வரிசையாகக் குடும்ப நாவலாக எடுத்த ஒருவர், ஒரு வருடத்தில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பாதியிலேயே திருப்பினார். அடுத்து போட்டித் தேர்வுப் புத்தகம் கேட்டார். வேலைக்குப் போகப் போவது அவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன் என் நோட்டுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய பட்டியலைக் கிழிக்க வேண்டாம். பிடிக்காமல் போனதை அடிக்கவும் வேண்டாம், பக்கத்தில் தேதி போட்டால் போதும்.

வடசென்னையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் புத்தகம் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகம். சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம், பயன்படுத்தாமல் விடுவானேன்? கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அகரத்தில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நிறையப் போகிறார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இலிருந்து நடக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். பழைய புத்தகம் வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபிறகு கடைகள் அங்கேதான் போயின. பேரம் பேசலாம். ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்குப் போவதானால் வேலை நாள் மதியத்தில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை நிற்கவே இடமிருக்காது.

என் கடைக்கும் வரலாம். முகவரிச் சான்று ஒன்று, கொஞ்சம் முன்பணம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.